குழுவில் எழுதியது குழுவோடு போகலாமா?

சென்ற பருவத்தில் சொந்த ஊரின் வரலாற்றை எழுதும்படி பல்கலைக்கழகத்தில் ஓர் இடுபணி கொடுத்தார்கள். நான் போர்ட்டிக்சன், சி ரூசா வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தேடுபொறியில் தோட்டத்தின் பெயரைத் தட்டினேன். கடற்கரை விடுதிகளும் வீடு விற்பனை விளம்பரங்களும் வந்தன. அங்கே பால்மரம் வெட்டியவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைக் கேட்டேன். அது தயங்காமல் பதில் சொன்னது. எங்கள் மாரியம்மன் கோயிலை வேறொரு மாநிலத்தில் கொண்டுபோய் வைத்தது.

உண்மையில் அந்த வரலாறு எழுதப்பட்டிருந்தது. எங்கள் தோட்டப் பள்ளியின் முன்னாள் ஆசிரியர் ஒருவர், பழைய மாணவர்களின் கைப்பேசிக் குழுவில் அதைத் தொடராக எழுதினார். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டது, கோயில் கட்டச் சம்பளத்தில் பணம் பிடித்தது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது எந்தக் குடும்பம் எங்கே போனது என்று பன்னிரண்டு பகுதிகள். எல்லாரும் கைகூப்பும் படம் போட்டோம். அதோடு சரி.

அவர் இப்போது இல்லை. என் கைப்பேசி பழுதானது. அப்பா இடம் போதவில்லை என்று அழித்துவிட்டார். பெரியம்மாவின் பழைய கைப்பேசியில் மூன்று பகுதிகள் மட்டும் கிடைத்தன.

இணையத்தில் தமிழில் எழுதுவது ஒரு காலத்தில் சிரமமான வேலை. எழுதியவரின் எழுத்துரு படிப்பவரிடம் இல்லையென்றால் கட்டுரை வெறும் குறிகளாகத் தெரியும். அந்தச் சிக்கலைத் தீர்க்க உழைத்தவர்களில் நம் நாட்டு முத்து நெடுமாறன் முக்கியமானவர். அவர் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் கணினிக்கு. 2005இல் வந்த செல்லினம் கைப்பேசிக்கு. யூனிகோடு பரவியபின் வலைப்பூக்கள் பெருகின. தமிழ்மணம் போன்ற திரட்டிகள் அவற்றை ஒரே இடத்தில் காட்டின. அன்று எழுதிய ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு முகவரி இருந்தது. தேடினால் கிடைத்தது.

இன்று தட்டச்சுகூடத் தெரிய வேண்டாம். 2017 முதல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழையும் ஏற்கிறது, பேசினால் எழுத்தாகிறது. ஆனால் எழுதுவது எளிதானபோதே எழுதியது மறைவதும் எளிதாகிவிட்டது. மூடிய குழுவில் இட்டது தேடுபொறிக்கு எட்டாது. மறுநாள் ‘காலை வணக்கம்’ படங்களுக்கு அடியில் அது புதைந்துவிடும்.

“வலைப்பூவை யார் படிக்கிறார்கள்? காணொளி போட்டால் ஆயிரம் பேர் பார்ப்பார்களே” என்று தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இன்று படிப்பவர் வேண்டுமென்றால் குழுவில்தான் போட வேண்டும். பத்து ஆண்டு கழித்துத் தேடி வருபவருக்கோ ஒரு முகவரி வேண்டும். இரண்டையும் செய்யலாமே! கட்டுரையை வலைப்பூவில் ஏற்றுங்கள். இணைப்பைக் குழுவில் பகிருங்கள்.

வலைப்பூவும் நிரந்தரம் அல்ல. யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது கணக்கற்ற பக்கங்கள் மறைந்தன. அவற்றில் ஒரு பகுதியை இன்னும் பார்க்க முடிகிறது என்றால், 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகள் படியெடுத்து வைத்ததுதான் காரணம். அதன் வேபேக் மெஷினில் உங்கள் கட்டுரையின் முகவரியை இட்டுச் சேமித்தால், ஒரு படி அங்கேயும் இருக்கும். சில நிமிட வேலை.

வீட்டில் பழைய பள்ளி மலரோ கோயில் குடமுழுக்கு மலரோ இருந்தால், பக்கங்களைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்து பாருங்கள். அச்செழுத்து திருத்தக்கூடிய எழுத்தாக மாறும். பிழைகள் வரும், மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். வெளியிடுமுன் உரியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் நாம் எழுதலாம். ஆனால் அங்கே “பாட்டி சொன்னார்” என்பது செல்லாது. வெளிவந்த சான்று கேட்பார்கள். அதனாலும் இத்தகைய மலர்களைக் காப்பது அவசியம்.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழத்தமிழர்கள் 2005இல் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, நூல்களையும் இதழ்களையும் சிறப்பு மலர்களையும் யாரும் இலவசமாகப் படிக்கும்படி சேர்த்து வருகிறார்கள். நம் தோட்டத்து ஏடுகளுக்கு யாரும் தீ வைக்கவில்லை. கைப்பேசியில் இடமில்லை என்று நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியரின் மூன்று பகுதிகளையும் அவர் குடும்பத்தின் அனுமதியோடு வலைப்பூவில் ஏற்றிவிட்டேன். மீதி ஒன்பதும் யாருடைய கைப்பேசியிலாவது இருக்கலாம், கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மாணவ நண்பர்களே, இந்த வாரம் உங்கள் குடும்பக் குழுவைக் கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். உங்கள் தோட்டத்தைப் பற்றி யாரேனும் எழுதியிருந்தால், எழுதியவர் இருக்கும்போதே அவரிடம் கேட்டு, அதற்கொரு முகவரி கொடுங்கள்.