பந்து போடுகிறவன் மட்டும் கெட்டிக்காரனா? 'கார்டு' என்றால் காவல்!

வேடந்தாங்கல்:-

கூடைப்பந்து பார்க்கிற பையன்கள் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் போதும். சண்டை ஆரம்பம்!

"ஜோர்டான்தான் பெரிய ஆள்" என்பான் ஒருவன். "போடா, கோபி மாதிரி வருமா?" என்பான் இன்னொருவன். "இப்போ உள்ள ஆட்டத்தைப் பாருங்கடா" என்று மூன்றாவது ஆள் குறுக்கே விழுவான். கூச்சல்தான் மிச்சம். தீர்ப்பு வருவதே இல்லை.

நான் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, பஞ்சாயத்து ஆபீஸ் என்று சுற்றுகிற நிருபர். அந்த இடங்களில் கூச்சல் எடுபடாது. சாட்சி வேண்டும். தடயம் வேண்டும். இந்த வழக்கையும் அந்த மாதிரியே விசாரித்துப் பார்க்கலாம்.

"இது வெட்டி அரட்டை, இதுக்குப் போய் விசாரணையா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். அரட்டை இல்லை ஐயா! எவனைப் பெரிய ஆட்டக்காரன் என்று நினைக்கிறோமோ, அவனைப் பார்த்துத்தான் நம்ம ஊர் பையன் பழகுவான். அந்த மாதிரி ஆடுகிறவனைத்தான் டீமிலும் எடுப்பார்கள். டீமில் இடம் கிடைத்தால் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் காலேஜ் சீட்டு, ரெயில்வே வேலை, பேங்க் வேலை என்று வழி பிறக்கும். ஏழை வீட்டுப் பையனுக்கு இது சோற்றுப் பிரச்சினை!

என்ன வேலை?

கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு 5 பேர். அதில் ஒருவர் 'ஷூட்டிங் கார்டு'. வளையம் 10 அடி உயரத்தில் இருக்கிறது. தூரத்தில் நின்று அதற்குள் பந்தை எறிந்து புள்ளி எடுப்பது இவர் வேலை. இடைவெளி கிடைத்தால் உள்ளே பாய்ந்தும் போடுவார்.

எல்லோருக்கும் தெரிந்தது இந்தப் பாதிதான். மீதிப் பாதி பெயரிலேயே இருக்கிறது. 'கார்டு' என்றால் காவல்காரன். எதிரணியில் சூரப்புலி யாரோ, அவனைப் போட விடாமல் மறிப்பதும் இவர் பொறுப்பு.

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் இந்த இடத்தில் ஆடிப் பேர் வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றுவோம்.

ஜோர்டான்

மைக்கேல் ஜோர்டான். உயரம் 6 அடி 6 அங்குலம். சிகாகோ அணிக்கு 6 முறை கோப்பை வாங்கித் தந்தவர். 1991, 92, 93. அப்புறம் 96, 97, 98. ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளி. அதிலே 10 சீசன் முதல் இடம்.

இதெல்லாம் பையன்களுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு தடயத்தை விட்டுவிடுகிறார்கள். 1987-88 சீசனில் புள்ளி எடுத்ததில் ஜோர்டான் முதல் ஆள். அதே சீசனில் சிறந்த தடுப்பு ஆட்டக்காரர் விருதும் அவருக்கே! போடுவதிலும் முதல், மறிப்பதிலும் முதல்.

1998 இறுதிப்போட்டியின் 6-வது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5.2 வினாடி பாக்கி இருக்கும்போது ஜோர்டான் போட்ட பந்தில் சிகாகோ 87-86 என்று முன்னேறியது. கோப்பையும் வந்தது. அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நடந்தது என்ன? யூட்டா அணியின் மலைபோன்ற ஆசாமி கார்ல் மலோன். அவர் கையில் இருந்த பந்தைப் பின்னால் வந்து தட்டிப் பறித்தவரும் இதே ஜோர்டான்தான். பறித்தது காவல். போட்டது பின்னால் வந்த கூலி!

கோபி

அடுத்து கோபி பிரையன்ட். அதே உயரம். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு 1996 முதல் 2016 வரை 20 சீசன். 5 கோப்பை. 2006 ஜனவரி 22-ந்தேதி டொரண்டோ அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 81 புள்ளி. அடேயப்பா! கடைசி ஆட்டத்திலும் 60 புள்ளி போட்டுவிட்டுத்தான் போனார். 2020 ஜனவரி 26-ந்தேதி ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டபோது இங்கேயும் பையன்கள் கண் கலங்கினார்கள்.

எதிராளி இரண்டு பேர் கையைத் தூக்கி மறைத்தாலும், அந்தரத்தில் உடம்பைச் சாய்த்துப் போடுவார். அந்தக் கால் வேலை எல்லோருக்கும் வராது. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! 100 தடவை எறிந்தால் ஜோர்டானுக்குக் கிட்டத்தட்ட 50 விழும். கோபிக்கு 45. சுலபமான இடம் தேடி எறிந்தவர் ஜோர்டான். கஷ்டமான இடத்திலேயே எறிந்து காட்டியவர் கோபி. பார்ப்பதற்குக் கோபி அழகு. டீமுக்கு லாபம் ஜோர்டான்.

கோபியிடம் கற்க வேண்டியது வேறு. 2013 ஏப்ரலில் குதிகால் நரம்பு அறுந்த நிலையில், நொண்டியபடி வந்து நின்று இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டுத்தான் வெளியே போனார். அந்த நெஞ்சுறுதிக்கு மார்க் போட முடியாது.

பந்தைத் தொடாமலே...

இப்போது வருகிறவர்கள் பையன்கள் வாயில் அதிகம் அடிபடாதவர்கள்.

ரே ஆலன். ஆட்டத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பே மைதானத்துக்கு வந்து தனியாக எறிந்து பழகுவார். 2013 இறுதிப்போட்டி 6-வது ஆட்டம். மயாமி அணி 3 புள்ளி பின்தங்கி இருந்தது. தோல்வி நிச்சயம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ரே ஆலன் பின்னாலேயே நகர்ந்து மூலைக்குப் போனார். கோட்டைக் குனிந்து பார்க்கவில்லை. கால் தானாகவே சரியான இடத்தில் நின்றது. 5.2 வினாடி பாக்கியில் பந்து உள்ளே! ஆட்டம் சமம். கூடுதல் நேரத்தில் மயாமி ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தையும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

கிளே தாம்சன். கோல்டன் ஸ்டேட் அணியில் ஆடி 4 கோப்பை வென்றவர். 2016 டிசம்பரில் ஒரு ஆட்டத்தில் 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார். அதற்காக அவர் பந்தைத் தரையில் தட்டியது மொத்தமே 11 தடவை! பந்து அவர் கையில் இருந்த நேரம் சுமார் ஒன்றரை நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் ஓட்டம். ஆளை ஏமாற்றி, வெற்றிடம் பார்த்துப் போய் நின்றார். பந்து வந்ததும் எறிந்தார். எதிரணியின் சூரப்புலியை மறிக்கிற வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள்.

மனு ஜினோபிலி. அர்ஜென்டினாக்காரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். அப்பேர்ப்பட்ட ஆளைச் சான் அந்தோனியோ அணியில் பல வருடம் ஆட்டத் தொடக்கத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முறுக்கிக்கொண்டாரா? இல்லை. டீமுக்கு அதுதான் நல்லது என்று உட்கார்ந்தார். அப்புறம் இறங்கி வந்து போட்டுத் தாக்கினார். 4 கோப்பை!

டுவைன் வேட் 6 அடி 4 அங்குலம். அவருக்குத் தூரத்து எறி அவ்வளவாக வராது. உள்ளே பாய்வதுதான் பலம். 2006 இறுதிப்போட்டியில் முதல் இரண்டு ஆட்டமும் தோற்ற மயாமியை, அடுத்த நாலு ஆட்டமும் ஜெயிக்க வைத்தார்.

காலம் வேறு, சட்டம் வேறு

"ஜேம்ஸ் ஹார்டன் எங்கே?" என்று கேட்பீர்கள். 2018-19 சீசனில் ஆட்டத்துக்கு 36.1 புள்ளி எடுத்த கில்லாடி அவர். ஒரு அடி பின்னால் தாவி எறிவதில் மன்னன்.

ஆனால் சட்டம் மாறியதையும் பார்க்க வேண்டும். ஜோர்டான் காலத்தில் மறிக்கிற ஆள் கையை உடம்பில் வைத்துத் தள்ளிப் பார்க்கலாம். 2004-05 முதல் அதைக் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார்கள். 3 புள்ளிக் கோடு என்பதே என்.பி.ஏ.வில் 1979-ல்தான் வந்தது. முதலில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இன்று ஆட்டமே அந்தக் கோட்டைச் சுற்றித்தான். ஆகவே இவர் 36, அவர் 30 என்று எண்ணிக்கையை மட்டும் தூக்கிக்கொண்டு வருவது, பழைய கேசில் புதுச் சட்டத்தைப் போடுகிற கதை!

ஏரிக்கரையில் தீர்ப்பு

வேடந்தாங்கல் ஏரிக்குச் சீசனில் வந்து பாருங்கள். நத்தை கொத்தி நாரைக்கு அலகின் நடுவே இடைவெளி. நத்தையைப் பிடிக்க அதுதான் வசதி. கரண்டிவாயன் தண்ணீரில் அலகை இப்படியும் அப்படியும் வீசித் துழாவும். நீர்க்காகம் முங்கிப் பிடிக்கும். கூழைக்கடா பையோடு வாரும். கொக்கு அசையாமல் நிற்கும். மீன் பக்கத்தில் வந்ததும் ஒரே கொத்து!

இதிலே எது பெரிய பறவை என்று ஊர்க்காரரிடம் கேட்டால் சிரிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு அலகு. வேட் முங்குகிற நீர்க்காகம். கிளே தாம்சன் காத்து நிற்கிற கொக்கு. ஜினோபிலி யாரும் எதிர்பாராத பக்கம் துழாவுகிற கரண்டிவாயன்.

இன்னொன்றும் இந்த ஊரில் கற்கலாம். பெயரிலேயே வேடன் இருக்கிற ஊர் இது. ஆனால் இங்கே 'ஷூட்டிங்' ஆகாது! பறவையைச் சுட வந்த வெள்ளைக்காரன் காலத்திலேயே தடுத்து நின்ற ஜனங்கள். 1798-லேயே ஏரிக்குப் பாதுகாப்பு எழுதி வாங்கினார்கள். பறவை மிரளும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. 200 வருடத்துக்கு மேல் 'கார்டு' வேலை பார்க்கிற ஊர்! சுடுகிறவனுக்கு ஒரு நாள் பேர். காவல் காக்கிறவனால்தான் ஊருக்குப் பேர்.

அப்படிப் பார்த்தால் என் தீர்ப்பு இதுதான். மொத்தத்தில் முதல் இடம் ஜோர்டானுக்கு. 30 புள்ளிக்காக இல்லை. ஷூட்டிங், கார்டு இரண்டு வேலையையும் ஒரே ஆள் உச்சத்தில் செய்ததற்காக. ஆனால் நம்ம ஊர் பையன் பார்த்துப் பழக வேண்டியது ஜோர்டானை இல்லை. ரே ஆலனையும் கிளே தாம்சனையும்! அந்தரத்தில் பறப்பது எல்லோருக்கும் வராது. சீக்கிரம் வருவது, ஓயாமல் ஓடுவது, ஆளை மறிப்பது - இதற்குப் பிறவி வரம் தேவையில்லை.

நம்ம ஆட்கள்

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இதற்கு உயிருள்ள சாட்சி. 2000 முதல் 2017 வரை இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார். 19 வயதில் கேப்டன். 2021-ல் பத்மஸ்ரீ. ஒரு ராத்திரியில் 81 புள்ளி எடுத்து வந்த பேர் இல்லை இது. வருடக்கணக்கில் இடம் விடாமல் நின்று சம்பாதித்தது.

ஆண்களில் வாரணாசிக்காரர் விசேஷ் பிருகுவன்ஷி. அவர் இடமும் ஷூட்டிங் கார்டுதான். 2017-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அணி அவரை ஒப்பந்தம் செய்தது. 2020-க்கான அர்ஜுனா விருதும் கிடைத்தது. 2014-ல் சீன மண்ணிலேயே சீனாவை இந்தியா 65-58 என்று வீழ்த்தியதே, ஞாபகம் இருக்கிறதா? சீனாவை 58 புள்ளியில் நிறுத்தியது எது? தடுப்பு ஆட்டம்!

செய்ய வேண்டியது

1891-ல் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்த ஆட்டம் இது. அதே ஒய்.எம்.சி.ஏ. 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி திறந்துவிட்டது. இங்கிருந்து கூப்பிடு தூரம். நூறு வருடம் கழித்தும் நம்ம கிராமத்துப் பையனுக்குக் கூடைப்பந்து என்றால் போனில் பார்க்கிற படமாகவே இருக்கிறது.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது தெருவெல்லாம் செஸ் பேச்சு. செஸ் ஆட ஒரு பலகை போதும். கூடைப்பந்துக்குக் கம்பமும் வளையமும் சமதளமான தரையும் வேண்டும். அதைப் பையன்கள் வாங்க முடியாது. பஞ்சாயத்தும் பள்ளிக்கூடமும்தான் செய்ய வேண்டும். ஊருக்கு ஒரு கம்பம் போதும். நட்ட பிறகு வளையம் வளைந்தால் நிமிர்த்த ஒரு ஆள், கிழிந்த வலையை மாற்ற ஒரு தொகை. திறப்பு விழாவில் போட்டோ எடுத்துக்கொண்டு அப்புறம் துருப்பிடிக்க விடக் கூடாது.

டீம் எடுக்கிற வாத்தியார்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை பந்து போட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். எத்தனை பந்தைத் தடுத்தான், எத்தனை முறை பந்தைப் பறித்தான், பக்கத்து ஆளுக்கு எத்தனை பாஸ் கொடுத்தான் என்றும் ஒரு கோடு போட்டு எழுதுங்கள். சத்தம் போடாமல் காவல் காக்கிற பையன் அந்த நோட்டில்தான் அகப்படுவான். இல்லாவிட்டால் அவன் பெயர் எந்த லிஸ்டிலும் வராது. அவன் வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய வேலையும் கை நழுவிப் போகும்.

ஜோர்டானா, கோபியா என்று சண்டை போடுகிற தம்பிகளே! தாராளமாகப் போடுங்கள். முடிந்ததும் எழுந்து போய் ஒரு ஆளை மறித்துப் பழகுங்கள். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை!