காவல் வரம்பு மீறினால்

காலில் ஒரு சிறு முள் தைக்கிறது. மறுநாள் அவ்விடம் சிவந்து, வீங்கி, சுடுகிறது. இவ்வீக்கம் கிருமியின் வேலை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் இது நம் தேகத்தின் காவலாளிகள் விழித்துக் கொண்டதன் அடையாளம். அதே காவல் தறிகெட்டு, தான் காக்க வேண்டிய அவயவங்களையே பழுதாக்குமானால், அதுதான் ஸெப்ஸிஸ் என்னும் கொடிய வியாதி.

காவலாளி விரோதியை அறிவது எப்படி? 'டோல்' என்னும் புரதம் பழுதான பழ ஈக்கள் காளான் தொற்றுக்கு எளிதில் இரையாவதை, பிரான்ஸ் தேசத்து ஜூல்ஸ் ஹாப்மன் குழுவினர் 1996-ல் கண்டனர். அதன் இனத்தைச் சேர்ந்த புரதம் ஒன்றே சுண்டெலியின் வெள்ளை அணுக்களில் கிருமி விஷத்தை உணர்கிறது என்பதை அமெரிக்கரான புரூஸ் பாய்ட்லர் 1998-ல் காட்டினார். ரால்ப் ஸ்டைன்மனுடன் இவ்விருவருக்கும் 2011-ல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சிலவகைக் கிருமிகளின் மேலுறையில் எண்டோடாக்ஸின் என்ற விஷம் உண்டு. அதை உணர்ந்ததும் அணுவினுள் சமிக்ஞை பாய்கிறது, டி.என்.எப்., இன்டர்லூக்கின் முதலிய தூதுப் பொருள்கள் வெளிப்படுகின்றன. இவை ரத்தக் குழாய்களை விரித்து, அவற்றின் சுவர்களைத் தளர்த்தி, வெள்ளை அணுக்களுக்கு வழிவிடுகின்றன. ஓரிடத்தில் நடந்தால் இது ரக்ஷை. தேகமெங்கும் நடந்தாலோ ரத்த அழுத்தம் சரிகிறது; நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறைகிறது; சிறுநீரகமும் நுரையீரலும் மூளையும் தத்தளிக்கின்றன.

"அப்படியானால் அந்தச் சமிக்ஞையை அடக்கிவிடலாமே?" என்று நேயர்கள் கேட்கலாம். வைத்திய நிபுணர்களும் அவ்வாறே எண்ணினர். டி.என்.எப்பை முடக்கும் மருந்துகளை 1990-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. பாய்ட்லர் ஆராய்ந்த எலிகளிடம் இதற்கு ஒரு பாடம் உண்டு. விஷத்தை உணராத அவ்வெலிகளுக்கு வெறும் விஷத்தைச் செலுத்தினால் பிழைத்துக்கொள்ளும். அவ்வகைக் கிருமிகள் உயிருடன் புகுந்தாலோ எளிதில் மாண்டுபோகும். காவலைக் கலைத்துவிட்டுக் கோட்டையைக் காப்பது எங்ஙனம்?

ஆகவே, இன்றும் முதல் உபாயம் காலந்தாழ்த்தாமையே. கிருமியை ஒடுக்கும் மருந்து எவ்வளவு சீக்கிரம் உட்செல்கிறதோ அவ்வளவு நன்மை. புண்ணோ ஜுரமோ உள்ளவருக்கு மூச்சு வாங்குதல், புத்தி தடுமாற்றம், சிறுநீர் குறைதல், கை கால் சில்லிடுதல் ஆகியவை தோன்றினால், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஜுரம் இறங்கிவிட்டதே என்றும் ஏமாறலாகாது. இந்நோயில் சிலருக்கு உடல் குளிர்ந்தே போவதுண்டு.