ஊசிமுனைப் பண்டிதம்

நண்பர் ஒருவர் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைப் பற்றித் தாம் எழுதியிருக்கும் கட்டுரையை எனக்கு அனுப்பி, அபிப்பிராயம் கேட்டிருந்தார். தொகுப்பு வெளிவந்தது 1986இல். இத்தனை வருஷம் கழித்தாவது ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறாரே என்ற ஆவலில் அன்றிரவே படித்தேன். பதினொரு பக்கம். இசைத்தட்டு, பழைய குறுந்தகடு, மறுசீரமைத்த குறுந்தகடு, இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு என்று நான்கு பிரதிகளை வரிசையாக வைத்து மதிப்பெண் போட்டிருக்கிறார். இசைத்தட்டில் வயலினுக்கு 'உடம்பு' இருக்கிறதாம். சுற்றிலும் 'காற்று' உலவுகிறதாம். குறுந்தகட்டில் வெறும் 'கண்ணாடி'தானாம். ஊசி எந்த நாட்டில் செய்தது, தட்டுச் சுழற்றியின் அடியில் என்ன கல் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் உண்டு. அந்த வயலினை வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன் என்ற செய்தி மட்டும் பதினொரு பக்கத்தில் எங்கும் இல்லை.

இதற்கு என்ன அபிப்பிராயம் சொல்வது? நண்பர் கெட்டிக்காரர், நிறையப் படித்தவர். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. இவரைப் போன்றவர்கள் இன்று ஒரு கூட்டமாகிவிட்டார்கள். இசையைப் பற்றிப் பேசத் தெரியாத கூச்சத்தை இயந்திரத்தைப் பற்றிப் பேசி மறைத்துக்கொள்வது இவர்கள் வழக்கம். இப்படிச் சொன்னதும், பிரதிகளுக்குள் வித்தியாசமே கிடையாது என்பது என் கட்சி என்று நண்பர் முடிவு கட்டிவிடக் கூடாது. வித்தியாசம் உண்டு, நிறைய உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதில்தான் தகராறு.

இத்தொகுப்பை நான் முதலில் கேட்டது தாய்மாமன் வைத்திருந்த கேசட்டில். எண்பதுகளின் பிற்பாதியில் ராஜபாளையத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, இசைத்தட்டிலிருந்து பதிந்து வாங்கியது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ளும் காலம் அது. பதியும்போது ஊசி ஓரிடத்தில் ஒரு பள்ளம் தாண்டிவிட்டதைக் கடைக்காரர் கவனிக்கவில்லை. 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்று என்பது 1.8 விநாடி. அந்த 1.8 விநாடி எங்கள் வீட்டு பாக்கில் கிடையாது. டெக்கின் வேகமும் கோளாறு, சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறி நின்றது. பிற்பாடு கல்லூரியில் ஆங்கிலம் படித்த நாட்களில் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசையை ஒழுங்கான பதிவில் கேட்டபோது, சுருதி இறங்கிச் சோர்ந்திருப்பதாகவும், இடையில் யாரோ அநாவசியமாகக் கொஞ்சம் சேர்த்துவிட்டதாகவும் எனக்குப் பட்டது. மூலம் எனக்கு இடைச்செருகலாகத் தெரிந்தது! பிரதி பேதம் எவ்வளவு தூரம் ஆளைக் கெடுக்கும் என்பதை இப்படிக் கற்றவன் நான். எனக்கு நண்பர் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கேசட் எனக்கு பாக்கைக் கொடுத்தது. காற்றும் உடம்பும் இல்லாமலேயே கொடுத்தது. இதையும் சேர்த்துத்தான் கணக்கு எழுத வேண்டும். இதே இசையைப் பலர் முதலில் கேட்டது பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில், 1988இல். திரையரங்கில் ஃபிலிமின் ஓரத்து ஒளித்தடத்திலிருந்து, உச்ச ஒலிகள் மழுங்கி வந்த பிரதி அது. அதுவும் ஒரு பதிப்புத்தான். நண்பரின் நாற்பிரதிப் பட்டியலில் அதற்கும் இடமில்லை.

இசைத்தட்டு 'இயற்கையானது' என்ற வாதத்துக்கு வருவோம். இசைத்தட்டில் எதுவும் இயற்கையாக ஏறுவதில்லை. கீழ் ஸ்தாயியை அப்படியே வெட்டினால் பள்ளங்கள் ஒன்றையொன்று முட்டும். ஆகவே வெட்டும்போது அதைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டி, திரும்ப ஒலிக்கும்போது தலைகீழாக்கிக்கொள்கிறார்கள். ஐம்பதுகளின் நடுவிலிருந்து எல்லாக் கம்பெனிகளும் இதற்கு ஒரே அளவைத்தான் கைக்கொள்கின்றன. இரு கோடியிலும் ஏறக்குறைய 20 டெசிபெல் திருத்தம். இதுதான் நண்பரின் கன்னி கழியாத ஒலி. இன்னொன்று, பெருந்தட்டின் வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்விளிம்புக்கு வரும்போது அது 20க்குச் சற்று மேல். அதே வயலினின் அதே அதிர்வுகள் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். எந்தப் பக்கமானாலும் கடைசி உருப்படி கரகரப்பது அதனால்தான். இந்தக் கரகரப்பை நண்பர் 'வாழ்ந்த ஒலி' என்கிறார். வாழ்ந்துவிட்டுப் போகட்டும்.

இதற்கு நேர் எதிரே நிற்கும் கோஷ்டிக்கு எண்தான் தெய்வம். குறுந்தகடு 1982இல் வந்தபோது விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் என்று விதித்தார்கள். அது போதாது, 96,000 வேண்டும், 192,000 வேண்டும், 24 பிட் வேண்டும் என்கிறது இக்கோஷ்டி. வௌவால் கேட்குமென்று நினைக்கிறார்கள் போலும். மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவுகளை ஒருமுறை அப்படியே ஒலிக்கவிட்டு, ஒருமுறை 16 பிட் வாசல் வழியாக நுழையவிட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 தடவை. சரியாகச் சொன்னது 276. நாணயத்தைச் சுண்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இதைவிட ருசியானது 2022இல் அமெரிக்காவில் நடந்தது. மொபைல் ஃபிடலிட்டி என்ற நிறுவனம் மூல நாடாவிலிருந்து வெட்டுவதாகப் பெயர் வாங்கி, அந்தப் பெயருக்கே விலையும் வாங்கி வந்தது. எண்வடிவத்தின் வாடையே பட்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பக்தர்கள் அதன் தட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' 40,000 பிரதி போடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஒரே நாடாவை அத்தனை தடவை ஓடவிட எப்படிச் சம்மதிப்பார்கள் என்ற சந்தேகம் கிளம்பியது. விசாரித்ததில், அந்நிறுவனம் பல வருஷங்களாகவே நாடாவை முதலில் எண்வடிவமாக்கி, அதிலிருந்துதான் தட்டு வெட்டி வந்திருக்கிறது என்பது தெரிந்தது. அத்தனை வருஷமும் 'காற்று' வீசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு செவியும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது கூட்டல் கழித்தல்தான். குமாஸ்தா வேலை. எனக்கு இதில் ஒரு தொழில் சந்தோஷம் உண்டு, மறைப்பானேன்.

தொழிலைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. வங்கியில் நகைக் கடன் நாற்காலிக்குப் பக்கத்தில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்ப்பார், அமிலம் விடுவார், தராசில் போடுவார், கல்லுக்கும் அழுக்குக்கும் கழிப்பார். இந்தச் சங்கிலியில் ஒரு வெதுவெதுப்புத் தெரிகிறது என்று எழுதிக் கடனுக்குச் சிபாரிசு செய்ததில்லை. ரசனை நகைக் கடனல்ல என்று நண்பர் சொல்லக்கூடும். சரி, ஆனால் நான்கு பிரதிகளை நிறுத்து மதிப்பெண் போட்டவர் அவர், நானல்ல. தராசைக் கையில் எடுத்தவன் படிக்கல் காட்ட வேண்டும்.

படிக்கல்லில் முதலாவது, சத்தத்தைச் சமன் செய்வது. ஒலி குறையும்போது மனிதச் செவி கீழ் ஸ்தாயியைத்தான் அதிகம் இழக்கிறது என்று 1933இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். ஆகவே ஒரே பதிவைச் சற்றே கூட்டி வைத்தால் ஆழம் கூடியதாகத் தோன்றும். நண்பர் தம் நான்கு பிரதிகளையும் சமன் செய்ததாக எங்கும் எழுதவில்லை. அவருடைய 'உடம்பு' ஒருகால் பொத்தானின் ஒரு திருகலாக இருக்கலாம்.

இந்தத் திருகலைத்தான் வியாபாரம் பிடித்துக்கொண்டது. மறுசீரமைப்பு என்ற பெயரில் இன்று உலகெங்கும் பெரும்பாலும் நடப்பது நசுக்கல். மெல்லிய இடத்தைத் தூக்கி, உரத்த இடத்தின் தலையை வெட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னடிக்' 2008இல் வந்தபோது, அதே பாட்டுகள் ஒரு கிட்டார் விளையாட்டில் குறுந்தகட்டைவிட நசுங்காமல் கேட்பதை ரசிகர்கள் கண்டுபிடித்துக் கூச்சலிட்டார்கள். இது செவியின் பிரமையல்ல. அலை வடிவத்தைத் திரையில் பார்த்தால் மலைத்தொடராக இருக்க வேண்டியது செங்கல் சுவராக நிற்கும்.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியில் இந்த நசுக்கல் என்ன செய்யும் என்று பாருங்கள். பாக்கின் முன்னிசை தனி வயலினுக்கானது. ஒற்றை வரி ஓடிக்கொண்டேயிருக்கும், அதற்குள்ளேயே இரண்டு மூன்று பேர் பேசுவது மறைவாகக் கேட்கும். இளையராஜா அந்த வரியின் மேல் கைவைக்கவில்லை. எதிரில் தன் குரல்களை வைக்கிறார். விருந்தாளி பேசுகிறார், வீட்டுக்காரர் தாழ்ந்த குரலில் பதில் சொல்கிறார். பதில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதில்தான் அதன் மரியாதை, குறும்பு, தைரியம் எல்லாம் இருக்கின்றன. என்னிடமுள்ள இரண்டு கோப்புகளில் ஒன்றில் இந்தத் தாழ்வு இருக்கிறது. மற்றொன்றில் இருவரும் ஒரே உரப்பில் பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்தவருக்கும் வீட்டுக்காரருக்கும் சந்தைக்கடையில் வாக்குவாதம். இதுதான் பிரதி பேதம், இதைத்தான் விமர்சகன் எழுத வேண்டும். தட்டா தகடா என்பது இதில் வரவேயில்லை. நசுக்காத குறுந்தகடு நசுக்கிய தட்டைவிட மேல். தட்டு நன்றாயிருந்தால் அதை வெட்டியவர் அடக்கமாக நடந்துகொண்டார் என்று பொருள், பிளாஸ்டிக்குக்கு ஆத்மா இருக்கிறதென்று பொருளல்ல.

நம்மிடம் இதற்கு ஒரு மரபு உண்டு, அதுதான் எரிச்சல். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது எப்படி? ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பேதங்களைக் குறித்துவைத்து. பழைய ஏட்டின் வாசனையைப் பற்றி அவர் பதினொரு பக்கம் எழுதவில்லை. மறுசீரமைப்பும் ஒரு பதிப்புத்தான். எந்த நாடாவிலிருந்து எடுத்தது? முதல் கலவை நாடாவா, தட்டு வெட்டுவதற்காகத் திருத்திய நாடாவா, நாடா கிடைக்காமல் பழைய தட்டையே ஓடவிட்டுப் பிடித்ததா? யார் செய்தார், எந்த வருஷம், வேகம் சரிபார்த்தாரா? என் கையிலுள்ள குறுந்தகட்டின் அட்டையில் இதில் ஒன்றுக்கும் பதிலில்லை. புத்தகத்தை இப்படிப் போட்டால் 'மலிவுப் பதிப்பு' என்று ஒதுக்குவோம். இசையை மட்டும் 'புதுப் பொலிவுடன்' என்ற இரண்டு சொல்லுக்காக மறுபடி காசு கொடுத்து வாங்குகிறோம்.

இதில் அவசரமும் இருக்கிறது. எழுபது, எண்பதுகளின் ஒலிநாடாக்களில் சில வகைகளுக்கு ஒரு வியாதி உண்டு. காந்தத் துகளை ஒட்டவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓடவிட்டால் துகள் உரிந்துவிடும், இசையும் அதோடு போகும். 50 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டில் மணிக்கணக்கில் வாட்டித்தான் ஒருமுறை ஓட்டி எடுக்க முடியும். சென்னையின் ஈரக்காற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. பாக் தன் கையாலேயே 1720இல் படியெடுத்த தனி வயலின் ஏடு இன்றும் இருக்கிறது. அவரை வீட்டுக்கு அழைத்தவரின் நாடா எந்த அறையில், என்ன சூட்டில் இருக்கிறது என்று நம் தட்டு ரசிகர் ஒருவராவது கேட்டாரா? நல்ல ஊசிக்குக் கொடுக்கும் காசில் எத்தனை நாடாவை வாட்டலாம் என்று கணக்குப் போட்டாரா?

மார்கழியில் கிருஷ்ணன்கோவிலில் விடியுமுன் தகரக் குழாயில் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை ஒலிக்கும். அரியக்குடி மெட்டமைத்தது. ஆண்டாள் பிறந்த ஊர் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். குழாயில் கீழ் ஸ்தாயி கிடையாது, தம்பூராவை ஊகித்துக்கொள்ள வேண்டும். இதுவே போதும், மற்றதெல்லாம் மேட்டிமை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இன்னொரு பாவனை. அந்தக் குரல் அந்தத் தகரத்தை மீறி வருவதை அறிந்தவன், தகரத்தையும் குரலையும் ஒன்றாக்கிப் பேச மாட்டான், அவ்வளவுதான்.

நண்பருக்கு ஒரு யோசனை. தட்டை எடுத்துக்கொண்டு வரட்டும், ஊசியும் கல்லும் சேர்த்தே. அவர் தட்டை, அவர் இயந்திரத்திலேயே ஓடவிட்டு, வெறும் 16 பிட்டில், 44,100இல் பிடித்துக்கொள்வோம். பிறகு மானி வைத்துச் சத்தத்தைச் சமன் செய்து, தட்டையும் பிடித்த கோப்பையும் திரைக்குப் பின்னாலிருந்து மாற்றி மாற்றி 16 தடவை. 12 சரியாகச் சொன்னால் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது, அதற்கு வாய்ப்பு நூற்றில் நாலுக்கும் குறைவு. இக்கட்டுரையைத் திரும்பப் பெற்று அவருடைய பதினொரு பக்கத்தை நானே டைப் செய்து கொடுப்பேன். சொல்ல முடியாமற் போனால், அந்த 'உடம்பு' கோப்புக்குள்ளும் வந்துவிட்டதென்று ஆகும். வெட்டியவர் யார், எந்த நாடா என்று இருவருமாகத் தேடத் தொடங்கலாம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை.