அரை நாள் பள்ளி

விடுமுறையில் சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ரப்பர் மரங்கள் நின்ற ஊர். இன்று அடுக்குமாடி வீடுகள். பேரன் பள்ளிப் பட்டறையில் தானே செய்த முக்காலியைக் காட்டினான். பெரியம்மா தடவிப் பார்த்தார்.

"நானும் விடியலில் மங்கு துடைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன், தம்பி. எனக்கு என்ன கைத்தொழில் வந்தது?"

நியாயமான கேள்வி. படிப்போடு உழைப்பும் வேண்டும் என்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகளே சொன்னார். 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி, கிராமத் தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணியாக்கினார். மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றார். பட்டணத்து வக்கீல் மகனுக்கு அந்தச் சட்டம் இல்லை! குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

சிங்கப்பூரில் 1969 முதல் உயர்நிலைப் பள்ளியின் முதலிரண்டு ஆண்டுகளில் ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் மரவேலை, உலோகவேலை போன்ற தொழில்நுட்பப் பாடம் வந்தது. தகப்பன் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை; சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இருந்தார். பெரியம்மா துடைத்த மங்கு பாடமல்ல. வீட்டு வரும்படிக்கு இன்னொரு கை, அவ்வளவுதான்.

என் வகுப்பிலும் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் பிள்ளைகள் உண்டு. வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். பெற்றோரே, பள்ளி நாளில் மட்டும் கூப்பிடாதீர்கள். ஒரு குலையைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். எடைபோட்டு, கூலிக் கணக்குப் பார்க்க நான் சொல்லித் தருகிறேன்.