உரிமை முடிந்தால் படைப்பு அநாதையாகிவிடுமா?

பதிப்புரிமை காலாவதியானால் ஓர் எழுத்தாளரின் நூல்களுக்குக் கேட்க நாதியிருக்காது, கண்டவர்களும் அச்சிட்டுப் பாழாக்கிவிடுவார்கள் என்று நன்றாகப் படித்தவர்களே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை சட்டமாகவும் ஆகியிருக்கிறது. 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துகள் 50 ஆண்டு நிறைந்து பொதுவுக்கு வரவிருந்த வேளையில், 1991 கடைசியில் அவசரச் சட்டம் போட்டு அதை 60 ஆண்டாக நீட்டினார்கள். ஒருவரை முன்னிட்டுப் போட்ட பூட்டு எல்லா இந்திய மொழி எழுத்தாளர்கள் மீதும் விழுந்தது. தாகூரைப் பார்த்துக்கொள்ள அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகம் இருந்தது. ஒரே பதிப்போடு நின்றுபோன நாவலாசிரியருக்கு யார் இருக்கிறார்கள்? வாரிசு யாரென்று தெரியாமல், அனுமதி கேட்க வழியில்லாமல் பதிப்பாளர் ஒதுங்கிவிட, எஞ்சிய பிரதி நூலகத்தில் பொடிந்துபோகிறது.

காவலர் இருந்த இடத்திலும் கதை வேறல்ல. தன் பாடும் முறையை விசுவபாரதியின் இசைக் குழு ஏற்காததால், தேபப்ரத பிஸ்வாஸ் போன்ற பெரும் பாடகர் தாகூர் பாடல்களை இசைத்தட்டில் பாடுவதையே நிறுத்திக்கொண்டார். பாரதி மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும், ‘பில்ஹணன்’ படத்தில் அவர் பாட்டைச் சேர்த்ததற்காக டி.கே.எஸ். சகோதரர்கள் உரிமையாளர் தொடுத்த வழக்கைச் சந்திக்க நேர்ந்தது. 1949இல் அரசு பாரதி நூல்களின் உரிமையைப் பெற்று, பின்னர் பொதுவாக்கியது. அதனால் பாரதி கெட்டுப்போனாரா? பிழை மலிந்த மலிவுப் பதிப்புகள் வந்தது உண்மை. ஆனால் மூல இதழ்களைத் தேடிப் பிடித்து, காலவரிசையில் சீனி. விசுவநாதன் தொகுத்த பதிப்பும் வந்தது. பிழையைத் திருத்த இன்னொருவருக்கும் உரிமை இருந்தால்தான் பிழை திருந்தும். கம்பனுக்கு உரிமையாளர் எவருமில்லை. இடைச்செருகல்கள் புகுந்தன, சுவடிகளை ஒப்பிட்டு அவற்றைப் பிரித்துக் காட்டியவர்களும் வந்தார்கள். மர்ரே ராஜம் 1950களில் சந்தி பிரித்து வெளியிட்ட பழந்தமிழ் நூல்கள், மலிவும் திருத்தமும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்குச் சான்று.

உரிமை போனால் எழுத்தாளரின் குடும்பம் என்ன செய்யும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாரதியின் நூல்களின் உரிமையைப் பெற்றபோது அரசு குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்தது. அந்த வழி இன்றும் உண்டு. ஆனால் எழுத்தாளரை வறுமை வாட்டுவது அவர் உயிரோடு இருக்கையில். அதற்கு மருந்து ஒழுங்கான ராயல்டி. இறந்து 60 ஆண்டு வரை கிடைப்பது, விற்கும் பெயருள்ள ஒரு சிலரின் பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமே. பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கை கேட்பது 50 ஆண்டுதான். 1991இல் கூட்டிய பத்தாண்டைக் குறைக்க வேண்டும். இனி எந்தப் பெரிய பெயரைச் சொல்லியும் ஒரு நாள்கூட நீட்டக் கூடாது.