இடித்துவிட்டு ஓடின வண்டி

சென்னையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அப்படியே ஆகட்டும். அவருடைய சித்தி விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்த்துவிட்டு வரலாம் என்று சகோதரி தாமே காரை ஓட்டிக்கொண்டு போனார். சாலையை விட்டு நன்றாக இறக்கி, ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், பின்பக்கத்துக் கதவு நசுங்கிக் கிடக்கிறது. இடித்தவரைக் காணோம். பக்கத்து டீக்கடைக்காரர் மட்டும், "லோடு வேன் அம்மா, பின்னாலே எடுக்கும்போது இடிச்சான். இறங்கிப் பார்த்தான், ஏறிப் போயிட்டான்" என்று சொல்லி, காகிதத்தில் குறித்து வைத்திருந்த நம்பரைக் கொடுத்தாராம்.

"ஒர்க்‌ஷாப்பில் 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். என் கணவரோ, 'போனால் போகிறது, போலீஸ், கோர்ட்டு என்று அலையாதே' என்கிறார். என் தம்பி, 'நாலு பேரோடு போய் அவன் வீட்டு வாசலில் நின்றால் பணம் தானாக வரும்' என்று குதிக்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?" என்று கேட்கிறார்.

சகோதரி, இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் கணவர் சொல்வது உங்களுக்கு நஷ்டம். தம்பி சொல்வது தம்பிக்கே ஆபத்து. நடுவில் ஒரு வழி இருக்கிறது.

முண்டியம்பாக்கம் வழியாகப் போகிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது. 2010-ஆம் வருஷம் அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது. சர்க்கரை ஆலையும் இருக்கிறது. கரும்பு வண்டி ஒரு பக்கம், ஆம்புலன்ஸ் ஒரு பக்கம், நோயாளியைப் பார்க்க வந்தவர்களின் கார்களும் ஆட்டோக்களும் இன்னொரு பக்கம். இப்படிப்பட்ட இடத்தில் வண்டியோடு வண்டி உரசுவது பெரிய அதிசயமல்ல. உரசியதைக் குற்றம் என்று சொல்வதைவிட, சொல்லாமல் போனதைத்தான் குற்றம் என்று சொல்ல வேண்டும். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. ஆள் அடிபட்டால்தான் அது பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, பிறருடைய சொத்துக்குச் சேதம் வந்தாலும் பொருந்தும். நிறுத்தி வைத்த உங்கள் காரும் சொத்துதான். போலீஸ்காரர் யாரும் அங்கே இல்லையென்றால், டிரைவர் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். செய்யத் தவறினால் 187-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த அபராதம் 500 ரூபாயாகத்தான் இருந்தது. 2019-ஆம் வருஷத் திருத்தத்தில் பத்து மடங்காக ஏறியது.

"வேன் யாருடையது என்றே தெரியவில்லையே" என்று கவலைப்பட வேண்டாம். டி.என். 32 என்றால் விழுப்புரத்தில் பதிவான வண்டி, டி.என். 16 என்றால் திண்டிவனம். நம்பர் இருந்தால் சொந்தக்காரரைப் போலீசார் கண்டுபிடித்துவிடுவார்கள். "அன்றைக்கு எந்த டிரைவர் ஓட்டினானோ, எனக்குத் தெரியாது" என்று முதலாளி கையை விரிக்கவும் முடியாது. போலீசார் கேட்டால் டிரைவர் பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டியது அவர் கடமை என்று 133-ஆம் பிரிவு சொல்கிறது.

இனி, இப்படி ஒன்று நேர்ந்தால் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நேயர்கள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் காரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, காரை உடனே நகர்த்த வேண்டாம். செல்போனில் படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் சில. கார் எப்படி நின்றது, சாலை எங்கே முடிகிறது என்பது தெரிய வேண்டும். ஏனென்றால், பிறருக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்துவதும் சட்டப்படி தவறு. நீங்கள் ஒழுங்காக நிறுத்தியிருந்தீர்கள் என்பதற்குப் படமே சாட்சி. கதவில் ஒட்டியிருக்கும் வேற்று வண்டியின் பெயிண்டையும், கீழே விழுந்த விளக்குக் கண்ணாடித் துண்டையும் துடைத்து எறிந்துவிடாதீர்கள்.

அதற்கு ஓர் உதாரணம். 1999 ஜனவரி 10 விடியற்காலையில் டெல்லி லோதி காலனியில் ஒரு கார் ஆறு பேரை மோதிக் கொன்றுவிட்டு ஓடியது. அவர்களில் மூன்று பேர் போலீஸ்காரர்கள். காரிலிருந்து ஒழுகிய எண்ணெய்த் தடத்தைப் பிடித்துக்கொண்டே போன போலீசார், ஒரு பங்களாவில் அந்தக் காரைக் கண்டுபிடித்தார்கள். வழக்கு 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் முடிந்தது. ஓட்டியவர் 50 லட்ச ரூபாய் கட்டவும் இரண்டு வருஷம் சமூக சேவை செய்யவும் உத்தரவாயிற்று. அது உயிர்ப் பலி. நம்முடையது வெறும் தகரம். ஆனாலும், ஓடுகிற வண்டி ஏதாவது ஒரு தடயத்தை விட்டுத்தான் போகும் என்பது இரண்டுக்கும் பொது.

இரண்டாவது, சாட்சி. அந்த டீக்கடைக்காரரைப் போன்ற புண்ணியவான்கள் எல்லா இடத்திலும் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தால் பெயரையும் போன் நம்பரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துக் கடைகளில் காமிரா இருக்கிறதா என்று பாருங்கள். பல காமிராக்களில் பழைய படம் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். ஆகையால் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, போலீஸ். அவசரத்துக்கு 112 அல்லது 100. பிறகு எழுத்து மூலம் புகார். இடம், நாள், மணி, வண்டி நம்பர், சாட்சி, சேதம் – இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும். சேதம் மட்டும் என்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். என்னும் ரசீது கொடுப்பார்கள், வாங்காமல் திரும்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

நான்காவது, இன்ஷூரன்ஸ். நம் வீடுகளில் இதைப் பற்றிக் குழப்பம் அதிகம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால், உங்கள் காரின் சேதத்துக்கு உங்கள் கம்பெனி ஒரு பைசாவும் தராது. முழு இன்ஷூரன்ஸ் இருந்தால் தரும். ஆனால் சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் கதவைத் தட்டி நிமிர்த்திவிடக் கூடாது. இன்னொரு கணக்கும் போட வேண்டும். கோராமல் இருந்த வருஷங்களுக்குத் தள்ளுபடி உண்டு: முதல் வருஷத்துக்கு 20 சதவிகிதம், தொடர்ந்து ஐந்து வருஷம் இருந்தால் 50 சதவிகிதம். ஒரு முறை கோரினால் அது போய்விடும். சின்னக் கீறலுக்காகப் பெரிய தள்ளுபடியை இழப்பது புத்திசாலித்தனம் அல்ல. 18,000 ரூபாய் என்றால் பாலிசியை எடுத்துவைத்துக்கொண்டு பென்சிலால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இடித்தவருடைய இன்ஷூரன்ஸிலிருந்தும் பணம் கேட்கலாம். அதற்கு மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். இதற்காக விழுப்புரம் வரை அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. அடையாளம் தெரியாத வண்டி மோதினால் சர்க்கார் பணம் கொடுப்பதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022-ஆம் வருஷத் திட்டம் அது: உயிர் போனால் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். நசுங்கிய கதவுக்கு அதில் இடமில்லை.

இப்போது தம்பிக்கு ஒரு வார்த்தை. நாலு பேரோடு போய் வாசலில் நின்று மிரட்டினால், நியாயம் உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். முதலாளி தாமே முன்வந்து செலவைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. எழுத்தில் வாங்குங்கள், பிறகு அதே சேதத்துக்கு இன்ஷூரன்ஸில் கேட்காதீர்கள். "கூலிக்கு ஓட்டுகிற ஏழை டிரைவரின் வயிற்றில் அடிக்கலாமா?" என்று உங்கள் கணவர் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இளகிய மனசு. ஆனால் வேலை நேரத்தில் டிரைவர் செய்த சேதத்துக்கு முதலாளியும் பொறுப்பு. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்று ஒன்றைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே இதற்காகத்தான். இதைத் தெரியாததால்தான் பல டிரைவர்கள் பயந்து ஓடுகிறார்கள்.

வெளிநாடுகளிலும் இந்தப் பயம் உண்டு போலிருக்கிறது. கலிபோர்னியாவில் ஆளில்லாத காரை இடித்துவிட்டால், பெயரும் விலாசமும் எழுதிய சீட்டை அதில் வைத்துவிட்டுப் போலீசுக்கும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் சீட்டு மட்டும் போதாது; சொந்தக்காரர் வருகிறாரா என்று நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும். ஓடினால் மூன்று வருஷம் வரை சிறை என்கிறது அந்த நாட்டுச் சட்டம்.

கடைசியாக, கடிதத்தில் கேட்காத ஒரு கேள்வி. இடித்தது யாரோ ஒரு வேன்காரர் என்பதால் நமக்குக் கோபம் வருகிறது. நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளையே ராத்திரி எட்டு மணிக்கு வந்து, "அம்மா, கடைத்தெருவில் ஒரு காரை இடித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை" என்று மெதுவாகச் சொன்னால் என்ன செய்வோம்? "நல்ல வேளை, சத்தம் போடாதே, அப்பா காதில் விழப்போகிறது" என்று சொல்லும் தாய்மார் உண்டு. அன்று அந்தப் பையன் கற்றுக்கொள்கிற பாடம் என்றைக்கும் போகாது. அடுத்த தடவை சாலையில் கிடப்பது தகரமாக இல்லாமல் ஓர் ஆளாக இருந்தால்?

சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். கார்க்காரர் இருந்தால் பெயரையும் விலாசத்தையும் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். இருபத்து நாலு மணி நேரம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கே போவதுதான் அழகு.