மெஷின் எதுக்கு? டபராவும் டம்ளரும் போதும்... நுரை பொங்கும் காபி ரெடி!

கம்பெனி பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இரவு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு நல்ல காபி குடித்தால் தெம்பாக இருக்கும். ஆனால், அறையில் இருப்பது ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு பால் பாத்திரமும்தான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி.

இங்குள்ள வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் அளவுக்கு சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறவர்களுக்கு, கடை கேப்பச்சீனோ தினமும் கட்டுப்படியாகாது. மெஷின் வாங்குவது அதைவிடப் பெரிய செலவு.

நல்ல செய்தி என்னவென்றால், நுரைக்கு மெஷின் தேவையில்லை. காற்று போதும்!

நுரை எப்படி வருகிறது?

காபி ஷாப் மெஷின் நீராவியைப் பாலுக்குள் செலுத்தி, சூடாக்கிக்கொண்டே காற்றையும் கலக்கிறது. பாலில் உள்ள புரதம் காற்றுக் குமிழ்களைச் சுற்றி மெல்லிய உறைபோலப் படிந்து, அவை உடையாமல் காக்கிறது. நம் வீடுகளில் டபரா, டம்ளரில் காபி ஆற்றும்போது நடப்பதும் இதுதான்.

எந்தப் பால் நல்லது?

புதிய பால்தான் முக்கியம். நாள்பட்ட பாலில் கொழுப்பு சிதைந்து, நுரை நிற்காது. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவிகிதம். நுரை எளிதாக எழும்பும். 6 சதவிகிதம் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட்டில் நுரை சற்றுக் குறைந்தாலும் ருசி கூடும்.

செய்முறை

* ஃபில்டரில் ஒருவருக்கு 2 டீஸ்பூன் காபித்தூள் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி 20 நிமிடம் விடவும். ஃபில்டர் இல்லையென்றால் இன்ஸ்டன்ட் தூளைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொள்ளலாம்.
* பால் பொங்கியதும் இறக்கி, ஓரிரு நிமிடம் ஆறவிடவும். மேலே படியும் ஆடையை எடுத்துவிடவும். சுமார் 65 டிகிரி சூடு நுரைக்கு ஏற்றது.
* டம்ளரில் பாதி அளவுக்குப் பால் எடுத்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு டபராவுக்கும் டம்ளருக்குமாக ஏழெட்டு முறை ஆற்றவும். முதலில் அரை அடி உயரம் போதும். கை பழகியபின் ஒரு அடி வரை உயர்த்தலாம்.
* டிகாக்‌ஷனில் பாலை ஊற்றி, மிச்ச நுரையை ஸ்பூனால் மேலே போடவும்.

டபரா இல்லையா? மோர் கடையும் சின்ன மத்தால் ஒரு நிமிடம் கடைந்தாலும் நுரை வரும். சூடான பாலை மூடிய பாட்டிலில் ஊற்றிக் குலுக்க மட்டும் வேண்டாம். உள்ளே அழுத்தம் கூடி, மூடி தெறித்துக் கையைச் சுட்டுவிடும்.

எப்போது குடிக்கலாம்?

உடலில் சேர்ந்த கஃபைனில் பாதி குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம்வரை ஆகும். ஷிஃப்ட் முடிந்து விடியலில் வந்து காபி குடித்தால் பகல் தூக்கம் கெடும். அதனால் காபியை வேலைக்குக் கிளம்பும் முன்பே குடித்துவிடுங்கள். திரும்பி வந்ததும் அதே பாலை டிகாக்‌ஷன் இல்லாமல், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு நுரைக்க ஆற்றிக் குடித்துவிட்டுப் படுங்கள். அந்த நேரத்தில் உடம்பு கேட்பது தூக்கத்தைத்தான்!